மிச்சமான திருகாணி

சேனாதிபதி ஐயா வருவதாகச் சொன்ன நேரத்துக்கு இன்னும் சரியாக நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோது, அந்தப் பாட்டுப்பெட்டி சி.டி. தட்டைப் படிக்க மறுத்தது.

மகாதேவி பொத்தானை மறுபடி அழுத்தினாள். தட்டு உள்ளே போயிற்று. தூக்கத்தில் புரள்வது போல ஒரு முனகல். பிறகு நீல எழுத்து வந்தது: 'நோ டிஸ்க்'.

ஐயா இசை கேட்கும்போது கதவிடுக்கில் தெரிகிற அதே நீலம்தான். இவ்வளவு பக்கத்திலிருந்து அவள் அதைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. பக்கத்தில் வந்திருக்கவே கூடாது.

"தட்டு இருக்குங்க," என்று பெட்டியிடம் சொன்னாள்.

அவள் யாரிடமும் உரக்கப் பேசியதில்லை. பெட்டியிடமும் அப்படித்தான்.

செண்பகனூரில் பஸ் போகிற சாலையிலிருந்து சற்று இறங்கினால், தைல மரங்களுக்கு நடுவில் அந்த பங்களா. ஐயாவுக்குக் கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தொழிற்சாலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடைக்கானல் வருவார். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்வது மகாதேவியின் வேலை. பக்கத்து மலைக் கிராமமான வடகவுஞ்சிக்காரி. வேதியியல் பட்டம் வாங்கியவள். இரண்டு வருடம் முன்பு போனில்தான் நேர்காணல் நடந்தது. ஐயாவுக்குப் பின்னால் கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பேரு என்ன அம்மிணி?"

சொன்னாள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

சொன்னாள்.

"இதுக்கு மேல உனக்கு சத்தம் வராதா?"

"வராதுங்க."

மூன்றாவதாகச் சொன்ன அந்த 'வராதுங்க' மட்டும் எப்படியோ அவர் காதில் விழுந்துவிட்டது. "அப்படின்னா நாளைக்கே வந்து சேர்ந்துக்க," என்றார். பட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஐயா வந்தால் பையைக் கீழே வைப்பார். முகம் கழுவுவார். நேராக முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார். உள்ளே கல் பலகை மேல் அந்தப் பெட்டி. வெளிநாட்டுச் சாமான். இட்லிக் குண்டான் போலக் கனம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவார். தடித்த ஹெட்போன், மாட்டினால் கூரையில் விழும் மழைகூடக் கேட்காது என்பார். ஒரு மணி நேரம் கழித்து, யாரோ நீவி விட்டது போன்ற முகத்தோடு வெளியே வருவார்.

"இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருந்துச்சு அம்மிணி."

அது என்ன தெளிவு என்று இரண்டு வருடமாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போனிலும் பாட்டு வரும். ஆனால் போன் பாட்டு யார் முகத்தையும் நீவி விட்டதில்லை.

அன்றைக்கு வியாழக்கிழமை. மத்தியானமே மேகம் இறங்கி, மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கேட் போயிற்று. கேட்டுக்கு வரும் பாதை போயிற்று. 'சனிக்கிழமை பகல் பதினொன்று' என்று ஐயாவின் செய்தி வந்தது. சமையல் பார்க்கும் சண்முகவள்ளி கடைக்குப் போயிருந்தாள். உலகத்தில் வீடு மட்டும் மிச்சம் இருப்பது போல இருந்தது. ஒரே ஒரு பாட்டு கேட்டால் யாருக்குத் தெரியும் என்று மகாதேவிக்குத் தோன்றிவிட்டது.

அலமாரியில் வரிசையாகத் தட்டுகள். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. நல்ல பொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, பிரித்திருந்ததில் ஒரு வீணைத் தட்டை எடுத்தாள்.

இப்போது அந்த வீணை 'நோ டிஸ்க்' ஆகிவிட்டது.

தட்டை வெளியே எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். அப்போதுதான் தட்டு வந்து நிற்கும் விளிம்பில் அதைப் பார்த்தாள். நகத்தளவு. வெள்ளை. காகிதத்தைவிட மெல்லியது.

பூண்டுச் சருகு.

மகாதேவி மெல்லத் திரும்பி, ஜன்னலின் நீளத் திரையைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால், கம்பியில் வரிசையாக, அப்பாவின் விதைப்பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

புரட்டாசிக் காற்று வடகவுஞ்சி வீட்டின் கூரைத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகிறது. நனைந்த விதைப்பூண்டு முளைக்காது, அழுகும். இந்த முன்னறையிலோ பெட்டிக்காக ராத்திரி பகலாக ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடுகிறது. அவளுக்குத் தெரிந்து செண்பகனூரிலேயே காய்ந்த அறை இது ஒன்றுதான். ஐயாவிடம் கேட்டுவிட நினைத்து மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் கிரைண்டர் இரைச்சல். அதைத் தாண்டி 'பூண்டு' என்று கத்த அவளால் முடியவில்லை. "நல்லா இருக்கீங்களாங்க," என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பெட்டி கெட்டதென்றால் வேலை போகும். வேலை போனால் அறை போகும். அறை போனால் அப்பாவுக்கு ஐப்பசி நடவு போகும்.

அவள் திண்டுக்கல்லில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்க்கிற ஒருவரை இணையத்தில் தேடிப் பிடித்தாள். பெயர் அகிலன்.

"போட்டோ அனுப்புங்க," என்றான்.

அனுப்பினாள்.

"இது நெசமாவே உங்க வீட்டுல இருக்கா?"

"எங்க வீடு இல்லைங்க."

"அதுமேல கை வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க."

"எடுத்துருங்க."

எடுத்தாள்.

"முன்னாடி நல்லாப் பாடுச்சா?"

"எட்டு வருசமாப் பாடுதுங்க. ஐயா தெனமும் புகழ்ந்துக்கிட்டே இருப்பாரு. அதாவது வர்றப்ப எல்லாம்."

"அப்ப லென்ஸ்ல ஈரம் கட்டியிருக்கும். வீட்டுக்குள்ள மேகம் வந்துச்சா?"

"போனாத்தானேங்க வர்றதுக்கு."

அகிலன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "ரூமைக் கொஞ்சம் சூடாக்குங்க. தட்டு வைக்கிற டிரே வெளிய நீட்டுன மேனிக்கே ஒரு மணி நேரம் கெடக்கட்டும். வேற எதுவும் செய்யாதீங்க. எதுவுமே."

கடையிலிருந்து திரும்பிய சண்முகவள்ளிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு ஊர் பெருமாள்மலை. பயம் என்பது பழக்கமில்லை.

"சூடு பண்ணணும், அம்புட்டுத்தானே. கணப்புச் சட்டியை எடுத்தாறேன் இரு."

"கரி வேண்டாம்க்கா. புகை வரும்."

"நல்லாப் புடிச்ச கரியில ஏது புகை? சயின்ஸு படிச்ச புள்ள, இதுகூடவா தெரியாது?"

கணப்பு வந்தது. புகை வரவில்லை. அதற்குப் பதிலாக அறைக்குள் மெல்ல ஒரு கோடைக்காலம் வந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகம் நின்று உள்ளே பார்த்தது. வெதுவெதுப்பு மேலே ஏற ஏற, திரைக்குப் பின்னாலிருந்து பூண்டுச் சருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று எழும்பின. அவசரமே இல்லாமல் மிதந்தன. ஒன்று விளக்கைச் சுற்றியது. ஒன்று சண்முகவள்ளியின் கொண்டையில் உட்கார்ந்து, பிடிக்காமல் எழுந்து போயிற்று. மகாதேவி தரையில் உட்கார்ந்து, தான் எதற்காக இந்த அறையில் இருக்கிறோம் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நினைவு வந்தது. பெட்டி, அகிலன் சொன்னபடி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அதன் மேல் நாலைந்து சருகுகள் வந்து இறங்கியிருந்தன.

"ஊதி விட்டுருவோம்," என்றாள் சண்முகவள்ளி.

ஊதினாள். எல்லாம் உள்ளே போயின.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகப் பூண்டை இடம் மாற்றினார்கள். பின்பக்கக் குளியலறையில் வெள்ளைக்காரன் காலத்துத் தொட்டி ஒன்று நான்கு கால்களோடு நின்றது. ஐயா வாளியில் குளிக்கிறவர். பூண்டு மொத்தமும் தொட்டியில் படுத்துக்கொண்டது.

"இந்தத் தொட்டிக்கு இப்பத்தான் ஒரு சோலி வந்துருக்கு," என்றாள் சண்முகவள்ளி.

"இங்க ஈரமா இருக்கேக்கா."

அது உண்மை. ஆகவே ஈரம் உறிஞ்சும் மெஷினையும் குளியலறைக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே முன்னறைக்குள் ஈரம் வந்தது. கதவைத் திறந்து மூடிய இடைவெளியில் ஒரு துண்டு மேகமும் உள்ளே வந்து, கல் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. மகாதேவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் நெற்றி வியர்த்தது.

அவள் துணி எடுத்து வருவதற்குள் சண்முகவள்ளி வீணைத் தட்டைத் துடைத்து முடித்திருந்தாள். தட்டு பளபளத்தது. அறை முழுக்கத் தைல வாசனை.

"எதுலக்கா துடைச்ச?"

"தைலத்துல."

"யூகலிப்டஸ் தைலத்துலயா?"

"கண்ணாடி தொடைக்கிறேன், தரை தொடைக்கிறேன், மொழங்காலுக்குத் தேய்க்கிறேன். இதுக்கு மட்டும் ஆகாதா? பாரு, மூஞ்சி தெரியுது."

தெரிந்தது. மகாதேவியின் முகம் அதில் ஏழு நிறமாகத் தெரிந்தது. அவள் எடுத்துக் கழுவுவதற்குள் சண்முகவள்ளி தட்டை வைத்துப் பொத்தானையும் அழுத்திவிட்டாள்.

உள்ளே ஒரு கொசு பாடியது. பிறகு நின்றது. நீல எழுத்து மாறியது: 'எரர்'.

"எழுத்து மாறியிருக்குல்ல. முன்னேத்தம்தான்," என்றாள் சண்முகவள்ளி.

தட்டு வெளியே வரவில்லை. அழுத்தினாள், பிடித்து அழுத்தினாள், கெஞ்சினாள். ஐயாவின் வீணை உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அகிலனைக் கூப்பிட்டாள்.

"எதுவும் செய்யாதீங்கன்னு சொன்னேன்லங்க."

"நான் செய்யலைங்க. தட்டுல கொஞ்சம் தைலம் பட்டுருச்சு."

"என்ன தைலம்?"

"யூகலிப்டஸ்."

"தலைவலிக்குத் தேய்க்கிறது?"

"ஆமாங்க."

"எனக்கு இப்ப அது வேணும்."

மகாதேவி பதில் சொல்லவில்லை. அவளுடைய மௌனம் அவனை என்னவோ செய்திருக்க வேண்டும், குரல் இறங்கியது.

"அழுகுறீங்களா?"

"இல்லைங்க. நான் பேசாம இருந்தா இப்படித்தான் இருக்கும்."

"சரி. எதையும் அழுத்தாதீங்க. கரண்டை நிறுத்திட்டு விட்டுருங்க. நாளைக்கு ஒரு வழி பண்ணலாம்."

நாளைக்கு என்பது சனிக்கிழமை. அதை அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு முன்னறைக்குத் திரும்பியபோது, சண்முகவள்ளி பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். பெட்டியின் நெற்றியில் மூன்று கோடு பளிச்சென்று இருந்தது.

"பழனியில வாங்குன விபூதி. கிருத்திகைக்கு வாங்குனது," என்றாள் கண்ணைத் திறக்காமல். "மேலயும் கொஞ்சம் தூவி விட்டுருக்கேன்."

பெட்டியின் மேல்மூடி முழுக்க, சூடு வெளியே போவதற்காக, வரிசையாக மெல்லிய பிளவுகள். விபூதி அவற்றின் வழியே அமைதியாக இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.

உள்ளே 'டிக்' என்றது. வீட்டில் இருந்த எல்லா விளக்கும் அணைந்தது. குளியலறையில் மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது.

மகாதேவி பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விழுந்திருந்த மெயின் சுவிட்சைத் தூக்கி விட்டாள். இதைப் போனில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. செய்தியாக எழுதினாள்: 'மேலே உள்ள பிளவு வழியாக ஒரு வெள்ளைப் பொடி உள்ளே போயிருந்தால் என்ன செய்வது?'

'என்ன பொடி?'

'பெரும்பாலும் சிலிக்கா, கால்சியம் உப்புகள்.'

பதில் வந்தது: 'விபூதியா?'

'ஆம்.'

அடுத்த செய்தி: 'மேல்மூடியில் சீல் இருக்கு. அதைத் தொடாதீங்க. நல்ல வெளிச்சத்தில், கவிழ்த்துப் போட்டு, அடிமூடியைத் திறங்க. காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்க. நானும் இங்கே கும்பிட்டுக்கிறேன்.'

சனிக்கிழமை வெள்ளனே வெயில் வந்தது. கொடைக்கானலில் அது ஒரு விருந்தாளி. எப்போது எழுந்து போகும் என்று தெரியாது. கட்டிலின் கம்பளிகளைத் தரையில் விரித்து, இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். சண்முகவள்ளி குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலத் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டாள்.

மகாதேவி ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாள். எல்லாம் கறுப்பு. நடுவில் இருந்த ஒன்றுக்கு மட்டும் சிவப்புத் தலை. அது மற்றவற்றைவிட நீளம், இறுக்கமும் கூட. உள்ளங்கை சிவக்கத் திருகினாள். அது விட்டுக்கொடுத்தபோது, உள்ளே ஏதோ ஒன்று லேசாகத் தொய்ந்தது போல இருந்தது.

மூடியைத் திறந்ததும் அவள் கை நின்றுவிட்டது. உள்ளே எல்லாம் அவ்வளவு ஒழுங்கு. செம்பு நிறக் கம்பிகள், தலை வாரிய மாதிரி. அதன் மேல் பழனி விபூதியும் வடகவுஞ்சிப் பூண்டுச் சருகும் தைல வாசனையும். ஆய்வுக்கூடத்தில் தராசைத் துடைக்கிற அதே பொறுமையோடு பிரஷ்ஷை எடுத்தாள். சின்னச் சக்கரம் ஒன்றை விரலால் சுற்றியதும் தட்டு தானாக வெளியே வந்தது. வீணையை சோப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சுத் துணியில் ஒற்றி எடுத்தாள். சருகுகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் பொறுக்கினாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று சண்முகவள்ளி இரண்டு முறை குனிந்து பார்த்தாள்.

சண்முகவள்ளியின் போன் அடித்தது. ஐயாவின் டிரைவர் ஜெயமுருகன்.

"யக்கா, பெருமாள்மலை தாண்டிட்டோம். டீ போடு. ஐயா வெள்ளனே கெளம்பிட்டாரு."

"அதுக்குள்ளயா?"

"நேத்துலேருந்து வீட்டுல ஒரே சொந்தக்காரங்க கூட்டம். விடியறதுக்கு முன்னாடியே வண்டியில ஏறி உக்காந்துட்டாரு."

மகாதேவியின் கை வேகமெடுத்தது. மூடி. கறுப்புத் திருகாணிகள். ஒவ்வொன்றும் அதனதன் துளையில் போய் உட்கார்ந்தது. பெட்டியை நிமிர்த்திக் கல் பலகையில் வைத்தார்கள். கம்பியை மாட்டினார்கள்.

"இது?" என்றாள் சண்முகவள்ளி.

கிண்ணத்தில் சிவப்புத் தலைத் திருகாணி தனியாக உருண்டுகொண்டிருந்தது.

மகாதேவி குனிந்து பார்த்தாள். அதற்கான துளை எது, அது எதைப் பிடித்திருந்தது, ஒன்றும் நினைவில்லை. மறுபடி கவிழ்க்க நேரமும் இல்லை.

"விடு தாயி. எதைக் கழட்டி மாட்டுனாலும் ஒண்ணு மிஞ்சத்தான் செய்யும். எங்க வீட்டு மிக்ஸியில மூணு மிஞ்சுச்சு. இன்னைக்கும் அரைக்குது."

மகாதேவி அதை எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

முனகல் இல்லை. கொசு இல்லை. நீல எழுத்துகள் ஒரு நொடி அணைந்து, எண்களாக மாறின. அந்த எண்களை அவள் இதுவரை பார்த்ததில்லை. எத்தனை பாட்டு, எத்தனை நிமிடம் என்று பெட்டி எண்ணிச் சொன்னது.

அவள் ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

முதலில் வீடு போயிற்று. சண்முகவள்ளி வாயசைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள், சத்தமில்லாமல். ஜன்னலில் மரங்கள் ஆடின, சத்தமில்லாமல். பிறகு யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவ்வளவு பக்கத்தில். வாசிக்கப்போகிறவரின் மூச்சு. ஒரு நகம் கம்பியைத் தொட்டது. அந்த ஒற்றை ஒலி வளைந்து, இறங்கி, மேகம் புல்லில் படிவது போலப் படிந்து, படிந்த பிறகும் கொஞ்சம் இருந்தது.

இதற்குத்தானா, என்று நினைத்தாள். இதற்குத்தான் அந்த மனிதர் இத்தனை வளைவு ஏறி வருகிறார். அவருடைய முகத்தை நீவி விட்டது யாரென்று தெரிந்துவிட்டது. தன் முகத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஏதோ செய்திருந்தது.

தோளில் கை விழுந்தது. சண்முகவள்ளி வாயை அகலமாகத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"வண்டி ஆரன் அடிச்சு அடிச்சு ஓயுது. வெரசா எந்திரி."

மகாதேவி தட்டை நிறுத்தி, முதல் பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள்.

சேனாதிபதி ஐயா பையைக் கீழே வைத்தார். ஒரு முறை மூச்சை இழுத்தார். வீட்டுக்குள் தைலம், கரி, பூண்டு, விபூதி எல்லாம் சேர்ந்து ஒரு புதுக் கோயில் மாதிரி மணத்தது. புருவம் உயர்ந்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. களைத்திருந்தார். இரண்டு காதையும் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போய் முன்பக்கக் குளியலறையில் முகம் கழுவிவிட்டு, முன்னறைக்குள் நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது.

மகாதேவி வராந்தாவில் நின்றாள். வெயில் எழுந்து போய்விட்டிருந்தது. ஜெயமுருகன் படியில் உட்கார்ந்து டீயை ஊதினான். அவன் பழனிக்காரன், ஐயாவிடம் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சண்முகவள்ளி கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்ல," என்றாள் அவள்.

ஜெயமுருகனின் டீ ஆறுவதற்குள் கதவு திறந்தது.

ஐயா நின்றார். தலைமுடி ஒரு பக்கம் எழுந்து நின்றது. ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. அதிலிருந்து வீணை, மிகச் சிறியதாக, வராந்தா வரைக்கும் கேட்டது.

"அந்தப் பெட்டியத் தொட்டது யாரு?"

சண்முகவள்ளி மரங்களைப் பார்த்தாள்.

"நான்தாங்க," என்றாள் மகாதேவி. அவளுக்கே தெரியாமல் குரல் பெரிதாக வந்துவிட்டது. வந்ததும் நிற்கவில்லை. "அப்பாவோட விதைப்பூண்டைத் திரைக்குப் பின்னால கட்டியிருந்தேன். மூணு வாரமா. ஊருல தகரம் போயிருச்சு. உங்களைக் கேக்கணும்னு போன் போட்டேன், கேக்க முடியலை. பாட்டுக் கேக்கணும்னு ஆசைப்பட்டுப் போட்டேன், பாடலை. பூண்டுச் சருகு உள்ள போயிருச்சு. அப்புறம் தைலம். அப்புறம் விபூதி. அடியில தெறந்து எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேங்க. இப்ப நல்லாப் பாடுது. நானே கேட்டேன்."

"மெதுவா அம்மிணி," என்று ஐயா கையை உயர்த்தினார்.

அவள் நிறுத்தினாள்.

"ஆமா," என்றார் அவர். "பாடுது."

சாவுச் செய்தியை உறுதிப்படுத்துகிறவரின் குரல். அவர் வந்து, ஜெயமுருகனுக்குப் பக்கத்தில், படியில் உட்கார்ந்தார். எதிரில் கேட்டை மேகம் எடுத்துக்கொண்டிருந்தது.

"பூண்டை இன்னைக்கே எடுத்துர்றேங்க," என்றாள் மகாதேவி.

"பூண்டு பாட்டுக்குக் கெடக்கட்டும். ஐப்பசி வரைக்கும் அந்த ரூம்லயே கெடக்கட்டும். அது வாயத் தெறக்கறதில்லையே."

வேலையைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து, வீணை கேட்காமல் இருக்க இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மிகவும் தயங்கி, கடன் கேட்பவர் போலக் கேட்டார்:

"அடியில ஒரு செவப்பு ஸ்க்ரூ இருந்துச்சே அம்மிணி?"

மகாதேவியின் கை ஸ்வெட்டர் பைக்குள் போயிற்று. "மிச்சமாயிருச்சுங்க," என்று முணுமுணுத்தபடி நீட்டினாள்.

அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தொலைந்த பிள்ளை திரும்பி வந்த வீட்டில் தெரிகிற முகம்.

"ஜெயமுருகா, வந்து பெட்டியத் தூக்கிப் புடி."

இருவரும் உள்ளே போனார்கள். பெட்டி கல் பலகையில் உராயும் சத்தம் கேட்டது. ஸ்க்ரூ டிரைவர் ஒருமுறை கீழே விழுந்தது. வீணை பாதியில் நின்றது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கூரை விளிம்பிலிருந்து மேகம் சொட்டுவதுகூடக் கேட்டது.

ஜெயமுருகன் மட்டும் வெளியே வந்தான். கதவை, தூங்கும் குழந்தையின் அறைக் கதவு போல, மெல்லச் சாத்தினான். சாத்துவதற்கு முன்னால் இடுக்கில் மகாதேவிக்கு ஐயா தெரிந்தார். ஹெட்போன் மாட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. முகத்தை யாரோ நீவி விட ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்தில் நீல எழுத்து. தூரத்திலிருந்தே இப்போது அவளால் அதை வாசிக்க முடிந்தது. 'நோ டிஸ்க்'.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மறுபடியும் கெட்டுப்போச்சாண்ணே? அந்த ஸ்க்ரூவை நான் கழட்டாம இருந்திருந்தா முன்னாடி மாதிரி பாடியிருக்கும்ல?"

ஜெயமுருகன் ஆறிப்போன டீயை எடுத்தான். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளைவிட மெதுவான குரலில் சொன்னான்:

"கிரைண்டர் சத்தமும் வீட்டுப் பேச்சும் இல்லாம ஒரு மணி நேரம் காதை மூடிக்கிட்டு உக்காரத்தான் அவரு மலையேறி வர்றதே தாயி, லாரியில வர்றப்ப உள்ள ஆடாம இருக்கக் கம்பெனிக்காரன் பூட்டி அனுப்புன அந்தச் செவப்பு ஸ்க்ரூவை, கழட்டுனாத்தான் பாடும்னு தெரிஞ்சும், வாங்குன நாள்லேருந்து கழட்டவே விடல, எட்டு வருசமா அந்தப் பெட்டி ஒரு பாட்டும் பாடுனதில்ல."